எண்ணெயும் குருத்தோலையும்

1913இல் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஊர், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் மலையடிவாரத்தில் இருக்கும் டோனாவூர். இளம் வயதிலேயே கைம்பெண்ணாகி, நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்மணியோடு ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்தவர் பொன்னம்மாள். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பெண்குழந்தைகளைக் கார்மைக்கேல் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கியபோது, கைக்குழந்தைகளுக்கென்று நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு விடுதி வைத்தார்கள். அதை நடத்தியவரும் பொன்னம்மாளே. இப்போது அவரே நோயாளி. நாகர்கோவிலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் அதோடு விடவில்லை.

மருத்துவர்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு, டோனாவூர்க் குடும்பத்தார் யாக்கோபு நிருபத்தில் சொல்லியபடி அவருக்கு எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். கட்டிலின் குறுக்கே ஒரு பனங்குருத்தோலையை வைத்தார்கள். குருத்தோலை வெற்றியின் அடையாளம். சுகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வருவதை ஏற்போம் என்ற மனத்தோடுதான் அதைச் செய்தார்கள் என்று கார்மைக்கேல் பின்னர் எழுதினார். அந்த நாளிலிருந்து நோய் முற்றியது. வலி கூடியது. 1915இல் பொன்னம்மாள் இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவரைப் பற்றிக் கார்மைக்கேல் எழுதிய நூல் வெளிவந்தது.

அந்தக் காலத்துச் சாட்சிப் புத்தகங்களைப் படித்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வியப்பு இருக்கும். சாட்சி என்றாலே ஜெபித்தோம், சுகம் கிடைத்தது என்றுதான் முடிய வேண்டும்; சபையில் எழுந்து நின்று, ஜெபித்தோம், வலி கூடியது என்று சொல்பவர் அரிது. ஆனால் கிறிஸ்தவ மரபின் பழைய ஏடுகளைப் புரட்டினால், இரண்டாவது வகைச் சாட்சிதான் எண்ணிக்கையில் மிகுதியோ என்று தோன்றுகிறது. அதைச் சொல்லும் துணிவுதான் காலப்போக்கில் குறைந்துவிட்டது.

அந்த யாக்கோபு நிருபப் பகுதியிலிருந்தே தொடங்கலாம். ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு வசனங்கள், 14ம் 15ம். உங்களில் ஒருவர் நோயுற்றால் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும். அவர்கள் வந்து கர்த்தருடைய நாமத்தில் எண்ணெய் பூசி அவருக்காக ஜெபிக்கட்டும். விசுவாசத்தோடு செய்யும் அந்த ஜெபம் பிணியாளியைக் காக்கும். கருத்து இவ்வளவுதான். இதில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். நோயாளி செய்வது ஒன்றே ஒன்று: ஆளனுப்பிக் கூப்பிடுகிறார். வருவது, எண்ணெய் பூசுவது, ஜெபிப்பது எல்லாம் மூப்பர்கள். விசுவாசமுள்ள ஜெபம் என்று நிருபம் சொல்வது வந்தவர்களின் ஜெபத்தை. படுத்திருப்பவரின் விசுவாசம் எத்தனை படி, எத்தனை மரக்கால் என்று அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும் ஒருவரிடம், உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் தாமதமாகிறது என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. தூத்துக்குடியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வார்டில் பார்வையாளர் நேரத்தில் அரைமணி நின்றால் போதும், காதில் விழும். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. தெரிந்த ஒரே விளக்கத்தைச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டும் அந்த நிருபத்தின்படியே பார்த்தால், ஜெபம் பலிக்காதபோது கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்தாம். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய கதையிலும் அப்படியே. இயேசு கண்டது அந்தச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்கிறது மாற்கு. கட்டிலில் கிடந்தவன் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதாகக்கூட அதில் இல்லை.

நிருபத்தின் கிரேக்கச் சொற்களிலும் சில நுட்பங்கள் உண்டு. எண்ணெய் பூசுவதற்கு இரண்டு வினைச்சொற்கள் அந்த மொழியில் இருந்தன. அரசனையும் ஆசாரியனையும் அபிஷேகம் செய்வதற்கு ஒன்று. கிறிஸ்து என்ற பட்டமே அதிலிருந்து வந்தது. மற்றொன்று, உடம்பில் எண்ணெய் தேய்ப்பதற்கான அன்றாடச் சொல். யாக்கோபு பயன்படுத்துவது இரண்டாவதை. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த காலம் அது. எண்ணெய் வீட்டு மருந்து. மருந்தும் ஜெபமும் ஒரே கையிலிருந்து, ஒரே நேரத்தில் வருகின்றன. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோதும் இதே கதை. சுவரை நோக்கித் திரும்பி அழுது ஜெபித்தார், 15 ஆண்டுகள் ஆயுள் கூட்டித் தரப்பட்டது என்பதைப் பிரசங்கங்களில் கேட்டிருப்போம். அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப்போடச் சொன்னதை அவ்வளவாகக் கேட்டிருக்க மாட்டோம்.

இன்னொரு சொல்: 'காக்கும்'. கிரேக்க மூலத்தில் உள்ள வினைக்கு நோய் நீங்கிக் குணமாக்குவது என்றும் பொருள், ஆன்மாவை மீட்பது என்றும் பொருள். நம் பழைய தமிழ் வேதாகமம் அதற்கு 'இரட்சிக்கும்' என்று போட்டது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் பேச்சுவழக்கில் 'இரட்சிப்பு' ஆன்மாவுக்கும் 'சுகம்' உடம்புக்கும் என்று பாகம் பிரிந்துபோயிற்று. மூலத்தில் அந்தப் பாகப்பிரிவினை நடக்கவில்லை. பிறகு வந்த நூற்றாண்டுகளின் பாதிச் சண்டைகளுக்கு இந்த ஒரு வினைச்சொல்லே காரணம் என்றால் மிகையாகாது. உடம்பின் பக்கம் சாய்ந்தவர்கள் சுகமளிக்கும் கூட்டம் வைத்தார்கள். ஆன்மாவின் பக்கம் சாய்ந்தவர்கள் எண்ணெயைச் சாவுப்படுக்கைக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டாவது வரலாறு நீளமானது, சுவையானது. 416இல் ரோமாபுரிப் பேராயர் முதலாம் இன்னசென்ட், இத்தாலியில் இன்னொரு ஆயருக்கு எழுதிய கடிதத்தில், ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமல்ல, எல்லாக் கிறிஸ்தவர்களும் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் பயன்படுத்தலாம் என்கிறார். அதாவது எண்ணெய்க் குப்பி வீட்டு மாடத்தில் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் தென்பிரான்சின் ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ், நோய் வந்தால் மந்திரவாதியிடமும் தாயத்துக் கட்டுபவரிடமும் ஓடுகிறீர்களே, கோயிலுக்கு வந்து எண்ணெய் பூசிக்கொண்டால் என்ன என்று தம் மக்களைக் கடிந்துகொண்டார். அவர் மக்களின் முகங்களை நம்மால் எளிதாகக் கற்பனை செய்ய முடியும்.

ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் குப்பி வீட்டை விட்டுக் குருவின் கைக்குப் போய்விட்டது. பாவமன்னிப்புச் சடங்கோடு அது பிணைக்கப்பட்டது. அதற்குமேல் மக்களிடையே ஒரு பயமும் பரவியது: எண்ணெய் பூசப்பட்டவர் தப்பித் தவறிப் பிழைத்துவிட்டால், அதன்பின் இறைச்சி தின்னக் கூடாது, மணவாழ்வில் கூடக் கூடாது. இப்படியொரு நிபந்தனை இருந்தால் யார்தான் குருவைச் சீக்கிரம் அழைப்பார்கள்? மூச்சு இழுக்கும்வரை தள்ளிப்போட்டார்கள். நோயாளிக்கான எண்ணெய் சாகிறவருக்கான எண்ணெய் ஆனது; 12ஆம் நூற்றாண்டு முதல் லத்தீன் மொழியில் 'கடைசிப் பூசுதல்' என்றே பெயர் நிலைத்தது. 1551இல் திரெந்து பொதுச்சங்கம் அதைத் திருவருட்சாதனம் என்று உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பே, 1520இல், லூத்தர் அதை மறுத்திருந்தார். அவருடைய வாதம் எளிமையானது: யாக்கோபு நோயாளி எழும்புவதற்காகச் சொன்னதை நீங்கள் எழும்பவே மாட்டாதவருக்குச் செய்கிறீர்கள்.

தமிழ்க் கத்தோலிக்கர் இதற்கு வைத்திருந்த பழைய பெயர் 'அவஸ்தைப்பூசுதல்'. மரண அவஸ்தையில் இருப்பவருக்குப் பூசுவது. சாமியார் எண்ணெயோடு படியேறினால் உள்ளே ஒப்பாரி தொடங்கிவிடும். அவர் வருவதே தீர்ப்பு. நோயாளியிடம் மறைத்து வைத்திருந்த செய்தியை அந்தக் குப்பி போட்டு உடைத்துவிடும் என்பதற்காகவே பல வீடுகளில் சாமியாரைக் கூப்பிடத் தயங்கினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், இந்தச் சாதனம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று சொன்னது. 1972இல் ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையை அறிவித்தார். தமிழிலும் பெயர் மாறியது: 'நோயில்பூசுதல்'. ஒரு முன்னொட்டு மாறியதில் ஆயிரம் ஆண்டுத் திரிபு ஒன்று சரிசெய்யப்பட்டது. ஆனாலும் என் தலைமுறைக்கு முந்தியவர்கள் இன்னும் 'அவஸ்தை' என்றுதான் சொல்கிறார்கள். பயத்துக்கு அகராதி திருத்தியவர்கள் குறைவு.

மறுபக்கம், உடம்பின் பக்கம் சாய்ந்தவர்களின் கதை 19ஆம் நூற்றாண்டில் சூடு பிடிக்கிறது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஜெப இல்லங்கள் தோன்றின; நோயாளிகள் வந்து தங்கினார்கள், அவர்கள்மேல் கைவைத்து ஜெபித்தார்கள். அமெரிக்காவில் ஏ. பி. சிம்ப்சன், சிலுவையில் பாவம் சுமக்கப்பட்டதுபோல நோயும் சுமக்கப்பட்டாயிற்று என்ற போதனையைப் பரப்பினார். அடிப்படை, ஏசாயா 53ஆம் அதிகாரமும் அதை மத்தேயு எடுத்தாளும் விதமும். இதன் தர்க்கத்தை இறுதிவரை இழுத்தால், பாவமன்னிப்பு எப்படி நிச்சயமோ அப்படியே சுகமும் நிச்சயம். நிச்சயமானதைப் பெற்றுக்கொள்ளாதிருப்பது பெறுகிறவரின் குறை. ஜான் அலெக்சாண்டர் டௌவி என்பவர் சிகாகோவுக்கு வடக்கே சீயோன் என்று ஒரு நகரத்தையே கட்டினார். அங்கே மருத்துவருக்கும் மருந்துக்கடைக்கும் இடமில்லை. 1902இல் அவருடைய மகள் தீக்காயத்தால் இறந்தாள். 1905இல் அவரையே பக்கவாதம் தாக்கியது. இரண்டு ஆண்டுகளில் இறந்தார்.

இவர்களை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அந்தக் காலத்து மருத்துவத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாதரசம் கொடுத்தார்கள், இரத்தம் வடித்தார்கள், கொப்புளம் எழுப்பினார்கள். 1850இல் ஒரு நோயாளி மருத்துவரை விட்டு ஜெப இல்லத்துக்குப் போனால், ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்ததாலேயே பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவம் மாறிய பிறகும் போதனை மாறாததுதான் சிக்கல். 1920களில் இலங்கையில் தோன்றித் தமிழகத்தில் வேரூன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் முழுநேர ஊழியர்கள் இன்றும் மருந்து எடுப்பதில்லை. தெய்வீக சுகம் அங்கே முக்கியமான போதனை. யாத்திராகமத்தில் கடவுள் தம்மைச் சுகமளிப்பவராக அறிவிக்கும் இடத்தில் தமிழ் வேதாகமம் 'பரிகாரி' என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பரியாரி என்றால் நாட்டு வைத்தியர். கடவுளே பரியாரியாக இருக்கும்போது இன்னொரு பரியாரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தச் சொல்லே துணைக்கு வருகிறது. வைத்தியர்களையே தேடிய ஆசா ராஜாவின் கதையையும் எடுத்துக்காட்டுவார்கள்.

நான்காம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு விடை சொல்லப்பட்டாயிற்று. கப்பதோக்கியாவின் செசரியா நகர ஆயர் பசிலியார் வாழ்நாள் முழுக்க நோயாளி. ஏதென்சில் மருத்துவமும் கற்றவர். துறவிகளுக்கு அவர் எழுதிய விதிகளில் ஒன்று, பக்தி உள்ளவன் மருத்துவத்தைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கான நீண்ட பதில். பசிக்கு உழவுத்தொழில், குளிருக்கு நெசவு, நோய்க்கு மருத்துவம். எல்லாம் கடவுள் தந்த கலைகளே என்பது அவர் வாதத்தின் சாரம். மருத்துவர் கையில்தான் உயிர் இருக்கிறது என்று தொங்குவதும் மதியீனம், மருத்துவரே வேண்டாம் என்று ஒதுக்குவதும் பிடிவாதம். சொன்னதோடு நிற்காமல் நகருக்கு வெளியே ஒரு பெரிய மருத்துவ இல்லத்தையும் அவர் கட்டினார். தொழுநோயாளிகளுக்கும் அங்கே இடம் இருந்தது. 1838இல் நெய்யூரிலும் 1900இல் வேலூரிலும் தொடங்கிய மருத்துவப் பணிகள் அந்த மரபின் தமிழ்க்கிளைகள். கத்தி எடுக்குமுன் நோயாளியின் பக்கத்தில் நின்று ஜெபிக்கும் அறுவை மருத்துவரை அந்த வளாகங்களில் பார்த்தவர்களுக்கு, ஜெபமா மருந்தா என்ற கேள்வியே புரியாது. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதாவுக்கு வெள்ளியில் கண்ணும் காலும் நேர்ந்து செலுத்துபவர்களில் எத்தனையோ பேர் அன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்கள்தாம்.

விசுவாசம் என்ற சொல்லையும் தொட்டுவிட வேண்டும். தமிழில் அதற்கு இரண்டு வாழ்க்கை. சபைக்குள் அது நம்பிக்கை, நடக்கும் என்ற நிச்சயம். சபைக்கு வெளியே, விசுவாசமான வேலைக்காரன், விசுவாசமுள்ள நாய் என்னும்போது அது விட்டுப்போகாமை. கிரேக்கச் சொல்லுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. நிச்சயம் என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் நோயாளி தன் மனத்துக்குள்ளேயே ஒரு மானியைப் பொருத்திக்கொண்டு முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. வாசல்படியில் படுத்திருக்கும் நாயின் விசுவாசத்துக்கு அந்த மானி தேவையில்லை.

வேதாகமத்தில் குணமாகாதவர்களின் பட்டியல் சிறியதல்ல. பவுல் தொட்ட உருமால்களைக் கொண்டுபோய்ப் பிணியாளிகள்மேல் போட்டுக் குணம் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல் தம் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதியாக மிலேத்துவில் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு ஜெபக்கூட்டம் ஏற்பாடு செய்யவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். தம் மாம்சத்தில் குத்திக்கொண்டிருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் மறுக்கப்பட்டார். அது கண்நோயா, காக்காய்வலிப்பா, வேறு ஏதாவதா என்று உரைகாரர்கள் 19 நூற்றாண்டுகளாக ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். பவுலே சொல்லாததை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சங்கீதங்களிலோ 88ஆவது இருட்டிலேயே முடிகிறது. மற்ற புலம்பல்களில் கடைசியில் ஒரு கீற்று வெளிச்சம் எட்டிப்பார்க்கும். இதில் அதுவும் இல்லை. அதையும் ஜெபம் என்று ஏற்றுத் தொகுப்பில் சேர்த்த கை யாருடையதோ, அந்தக் கைக்கு நோயின் ருசி தெரிந்திருந்தது.

252ஐ ஒட்டி ரோமப் பேரரசை ஒரு கொள்ளைநோய் வாட்டியபோது, கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் தம் மக்களுக்கு எழுதிய நூலில் ஒரு முறையீட்டுக்குப் பதில் சொல்கிறார்: புறசமயத்தாரைப் போலவே நம்மவர்களும் சாகிறார்களே, இது என்ன நியாயம்? சிப்ரியானின் பதிலில் சலுகை வாக்குறுதி எதுவும் இல்லை. ஊரில் பஞ்சம் வந்தால் எல்லாருக்கும்தான் பஞ்சம். கப்பல் பாறையில் மோதினால் அதில் இருப்பவர் அனைவருக்கும்தான் சேதம். உடம்பு என்று ஒன்று இருக்கும்வரை அதற்கு நேர்வது பொது. கொரோனா காலத்தில் போதகர்களே இறந்தபோது சபைகளில் எழுந்த கேள்வி புதியதல்ல.

எண்களால் இதை அளக்க முடியுமா என்று பார்த்தவர்களும் உண்டு. முதலில் துணிந்தவர் பிரான்சிஸ் கால்டன். 1872இல் அவர் எழுதிய கட்டுரையின் குறும்பு இன்றும் மங்கவில்லை. நாடு முழுக்கக் கோயில்தோறும் யாருடைய நீண்ட ஆயுளுக்காக ஜெபிக்கிறார்கள்? அரசர்களுக்காக. அரச குடும்பத்தாரின் சராசரி ஆயுளைப் பிற வசதிபடைத்த வகுப்பாரோடு ஒப்பிட்டார். 64 ஆண்டுகள்தான் வந்தது, பட்டியலிலேயே குறைவு. கோயில் ஜெபத்தில் சொல்லப்படும் எல்லாச் சொற்களையும் சொல்பவர் மனத்தோடு சொன்னாரா என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

134 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதைக் கறாராகச் செய்தார்கள். 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 பேர். ஒரு பிரிவினருக்காக ஜெபிக்கப்பட்டது, இன்னொரு பிரிவினருக்காக ஜெபிக்கப்படவில்லை. இரு பிரிவாருக்கும் தாங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாது. சிக்கல்கள் நேர்ந்தது முதல் பிரிவில் 52 சதவீதம், இரண்டாவதில் 51. மூன்றாவது பிரிவினருக்கு, உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லியும் ஜெபித்தார்கள். அவர்களில் 59 சதவீதம். 2006இல் வெளியான இந்த முடிவைக் கொண்டாடியவர்களும் மழுப்பியவர்களும் ஒரே தவறைச் செய்ததாக எனக்குத் தோன்றுகிறது. ஜெபித்தவர்கள் வேறு ஊர்களில் இருந்த மூன்று குழுக்கள். அவர்கள் கையில் இருந்தது நோயாளியின் முதற்பெயரும் அடுத்த பெயரின் முதலெழுத்தும். யாரும் அழைக்கவில்லை, யாரும் வரவில்லை, யாரும் தொடவில்லை. யாக்கோபு சொன்னதில் ஜெபம் தவிர எதுவும் அங்கே இல்லை. மருந்தைப் புட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டு அது வேலை செய்கிறதா என்று பார்த்த கதை. மூன்றாம் பிரிவின் 59 சதவீதத்துக்கு ஆய்வாளர்களால் உறுதியான காரணம் சொல்ல முடியவில்லை. ஜெபிக்க ஆளேற்பாடு செய்யும் அளவுக்கா நம் நிலைமை மோசம் என்று பயந்திருப்பார்களோ என்ற ஊகமும் எழுந்தது. அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியார் படியேறும் காட்சி இங்கே நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2001இல் கென்னத் பார்கமென்ட்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. மருத்துவமனையில் இருந்த, 55 வயதோ அதற்கு மேலோ ஆன 596 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டாரோ, கடவுளுக்கு என்மேல் அன்பு இல்லையோ, இது பிசாசின் வேலையோ என்ற எண்ணங்களோடு போராடியவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. எண்ணத்தைப் பொறுத்து 19 முதல் 28 சதவீதம்வரை. உடல்நிலையின் கடுமையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. இது காரணத்தை நிரூபிக்காது, தொடர்பைத்தான் காட்டுகிறது. ஆனாலும், வார்டுக்குள் வந்து அந்தக் கேள்விகளையே நோயாளியின் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஆய்வுகளும் இருக்கின்றன. முற்றிய புற்றுநோயில் இருந்த 345 பேரைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கடவுளை உறுதியாகப் பற்றிக்கொண்டவர்களில் 11.3 சதவீதம் பேர் கடைசி வாரத்தில் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தார்கள், மற்றவர்களில் 3.6 சதவீதம். மோட்சத்தை நம்புகிறவர்கள்தாம் புறப்படத் தயங்குகிறார்கள். அற்புதம் நடக்க நேரம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமோ, கருவியை எடுக்கச் சொன்னால் விசுவாசத்தை விட்டதாகிவிடும் என்ற அச்சமோ இருக்கலாம். 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, சபையின் ஆதரவு மிகுதியாகக் கிடைத்த நோயாளிகளே தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிகம் இறந்ததைக் காட்டியது. வருகிறவர்கள் வந்தால் போதும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் இது ஓட்டை போடுகிறது. வந்து, பிழைத்துக்கொள்வீர்கள் என்று மட்டுமே சொல்பவர்கள் நோயாளியின் வாயை அடைக்கிறார்கள். சாவைப் பற்றிப் பேச அவருக்கு ஆளில்லை. அதே ஆய்வில், மருத்துவமனையின் குழுவினரே நோயாளியோடு ஆன்மிகமும் பேசிய இடங்களில் நிலைமை வேறாக இருந்தது: வலி தணித்து இறுதிநாட்களைக் கவனிக்கும் பராமரிப்பை நோக்கி அவர்கள் திரும்பினார்கள். உண்மை நிலவரம் தெரிந்தவர் ஜெபிப்பதற்கும் தெரியாதவர் ஜெபிப்பதற்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது.

டோனாவூருக்குத் திரும்புவோம். 1931 அக்டோபர் 24. கார்மைக்கேலுக்கு வயது 63. அன்று காலை அவர், உமக்கு ஊழியம் செய்யவும் என் பிள்ளைகளுக்கு உதவவும் எது என்னைத் தகுதிப்படுத்துமோ அதைச் செய்யும் என்ற பொருளில் ஜெபித்திருந்தார். மாலையில் களக்காட்டில் புதிதாக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். கழிப்பறைக்காகத் தோண்டக் கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழி மங்கலில் கண்ணுக்குப் படவில்லை. கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றார்கள். அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள், 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை, பெரும்பாலும் அந்த அறைதான், அந்தக் கட்டில்தான்.

அவர் மருந்தை மறுக்கவில்லை. டோனாவூரின் சொந்த மருத்துவமனைக்கு அவர்கள் வைத்த பெயர் பரம சுக சாலை. அங்கே மருத்துவர்கள் இருந்தார்கள், அவர்கள் கொடுத்ததை எடுத்துக்கொண்டார். அவருக்காக உலகெங்கும் ஜெபித்தார்கள். எழவில்லை. 1933இல் அவர் வெளியிட்ட ஒரு நூல் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. அதை எழுதத் தூண்டியதாக அவர் சொல்லும் காரணம் கொஞ்சம் காரசாரமானது. படுத்தவர்களுக்கென்று அவருக்கு வந்து குவிந்த ஆறுதல் பிரசுரங்களை எல்லாம் நடமாடிக்கொண்டிருப்பவர்கள் எழுதியிருந்தார்கள். வலியில் கிடப்பவருக்கு அந்தக் குரல் எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. அதனால் நோயாளியே நோயாளிக்கு எழுதலாம் என்று முடிவுசெய்தார். மற்றவர்கள் நோயின் அர்த்தத்தை விளக்கினால் சரியாகப் படுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் பொன்னம்மாளின் கட்டிலைச் சுற்றி நின்றபோது விளக்கம் சொல்லாமல் இருந்தது எவ்வளவு சரி என்பதும் அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

நெய்யூர் விடுதியில் பொன்னம்மாள் சங்கடையில் பால் புகட்டி வளர்த்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் 1931இல் இருபதுகளில் இருந்தார்கள். டோனாவூரில் வளர்ந்த பெண்கள்தாம் அந்த அறைக்குள் வந்துபோனார்கள். மெத்தையைத் தட்டிப்போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், சாயங்காலம் பாடினார்கள்.